பதினாலு பேருக்கான பாதை

யோகேஸ்வரி ஈப்போவிலிருந்து போன் போடும்போதெல்லாம் கந்தன் எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விடுவார். போன் அவருக்கு வருவதில்லை. மகன் குகனேஸ்வரனுக்குத்தான் வரும். அவன் "சொல்லுக்கா" என்று வாயெடுத்ததும், குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போய், கவாத்துக் கத்தியைக் கல்லில் தீட்ட ஆரம்பிப்பார். அன்று காலையில்தான் தீட்டிய கத்தியாக இருக்கும். ஒன்பது வருஷமாக அந்தத் தோட்டத்து லைன் வீட்டில் இதுதான் வழக்கம். மனைவி ஜெயா மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்பாள்.

கந்தனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கேமரன் மலையில், பிரிஞ்சாங் டவுனுக்குக் கீழே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுபவர். கொழுந்து எடுப்பவர்கள் எல்லாம் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். லைனில் மிச்சமிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பதினொன்றோ என்னவோ. ஜெயா தோட்டத்துத் தேநீர்க் கடையில் சுற்றுலாக்காரர்கள் குடித்து வைத்த கோப்பைகளைக் கழுவுகிறாள். குகன் பழைய லேண்ட் ரோவரில் அதே சுற்றுலாக்காரர்களை மேலே பாசிக்காட்டுக்கு ஏற்றிப் போய் இறக்குகிறான்.

மூத்தவள் யோகேஸ்வரி. ஈப்போவுக்குப் படிக்கப் போனவள், அங்கேயே ஒரு டிராவல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை பார்த்த ஜாஃபரை விரும்பினாள். மார்க்கத்தில் சேர்ந்து நாடியா ஆனாள். அதைச் சொல்ல இருவரும் வந்த அன்று கந்தன் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே லைன் பைப்படிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். விறைக்கிற மலைத் தண்ணீர். இழவுக்குப் போய் வந்தவன் முழுகுகிற முழுக்கு அது. லைனே வெளியே வந்து பார்த்தது. யோகேஸ்வரி கொஞ்ச நேரம் அந்த ஈரத் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஜாஃபரின் மோட்டாரில் ஏறிப் போய்விட்டாள்.

இந்த வருஷம் மார்ச்சில் அவள் போன் போட்ட காரணம் வேறு.

"குகா, நான் சொந்தமா டிரிப் போடப் போறேன்டா. முஸ்லிம் குடும்பங்களுக்கு. எல்லாரும் கேமரன் வந்து ஸ்ட்ராபெரி பறிச்சிட்டு, போட்டோ புடிச்சிட்டுப் போயிர்றாங்க. இவங்க காடு ஏறணும்ங்கறாங்க, ஆத்துல எறங்கணும், ஒரு ராத்திரி கூடாரத்துல படுக்கணும்ங்கறாங்க. ஆனா தொழுகை தவறக்கூடாது. சாப்பாடு ஹலாலா இருக்கணும், சந்தேகமே இருக்கக்கூடாது. பதினாலு பேரு. ஜூன் பள்ளி லீவுக்கு."

"அதுக்கென்னக்கா, கீழாத்துப் பாதையில கூட்டிட்டுப் போலாம்."

"லுஹர் தொழுகை ஒன்னேகால் மணிக்குடா. அந்த நேரத்துக்குப் பதினாலு பேரு வரிசையா நிக்க எடம் வேணும். ஒளு செய்ய, கைகால் மொகம் கழுவ, ஓடுற தண்ணி பக்கத்துல இருக்கணும். கீழாத்துல அருவிக்கிட்ட ஒரு மேடு இருக்குமே?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பின்பக்கம் கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது.

"கீழாத்துப் பாதையாம்ல," என்று கந்தன் கல்லைப் பார்த்துச் சொன்னார். "போன வருஷ மண்சரிவுல அந்தப் பாதை பாதி ஆத்துக்குள்ள கெடக்கு. பதினாலு பேரக் கொண்டுபோயி எறக்குனா பதிமூணு பேருதான் திரும்பி வருவான்."

போன் கட்டாகிவிட்டதோ என்று குகன் எடுத்துப் பார்த்தான்.

"யாருடா அது?" என்றாள் யோகேஸ்வரி, குரல் இறங்கி.

"யாருமில்லக்கா. கொல்லையில ஏதோ சத்தம்."

"அந்தச் சத்தத்துக்கிட்ட கேளு, வேற எந்தப் பாதை நல்லாருக்கும்னு."

ஜெயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குகன் பின்பக்கம் திரும்பி, "வேற எதுப்பா நல்லாருக்கும்?" என்று கேட்டான். கத்தியில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கந்தன், "பன்னெண்டாம் நம்பர் மலைக்கு மேல பழைய வெள்ளக்காரன் வெட்டுன பாதை ஒன்னு இருக்கு. தூந்து கெடக்கு. வெட்டுனா போலாம்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஏப்ரல் முழுக்க, மே முழுக்க, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை யோகேஸ்வரி போன் போட்டாள். அவள் குகனிடம் கேட்பாள். குகன் அப்பாவிடம் கேட்பான். அப்பா சொன்னதை அக்காவிடம் சொல்வான். எதிர்முனையில் அவள் அதை ஏற்கெனவே கேட்டுவிட்டிருப்பாள், இருந்தாலும் இரண்டாம் தடவையும் ம், ம் என்று கேட்டுக்கொள்வாள். ஒரு மாதத்தில் கந்தன் பின்பக்கம் போவதை விட்டுவிட்டார். போன் வரும் நேரத்துக்குக் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். போனை மட்டும் தொடவில்லை.

"அட்டைக்கு என்னடா செய்றது, கேளு. பொம்பளைங்க பயப்படுவாங்க."

"சவுக்காரத்த நனைச்சு காலொறையில தேச்சிக்கச் சொல்லு. உப்பு மழையில கரைஞ்சிரும்."

"லைன்ல நாய்ங்க ஜாஸ்தியா இருக்குமே?"

"அன்னிக்கு ஒரு நாளு கட்டிப்போடச் சொல்றேன். தர்மா வீட்டுக் கறுப்பன் ஒருத்தன்தான் அவுத்துகிட்டு ஓடுவான். அவன ரூம்ல போட்டு அடைச்சிரலாம்."

"கிப்லா எந்தப் பக்கம் வரும்னு பாக்கச் சொல்லு. மேற்க பாத்து நிக்கணும், கொஞ்சம் வடக்க சாஞ்சு."

கந்தன் கண்ணை மூடி யோசித்தார். "பொழுது எறங்குற எடத்துக்குக் கொஞ்சம் சோத்துக்கை பக்கம். மேல ஓடைக்கிட்ட ஒரு தட்டை இருக்கு, அதுல நின்னா எதுத்தாப்புல மலை அடுக்கடுக்காத் தெரியும். பாத்துகிட்டு நிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு மணிக்கெல்லாம் மழை எறங்கிரும்னு சொல்லு. வெள்ளென ஏறணும். ஏழு மணிக்கு இங்க நிக்கணும்."

"ஏழு மணிக்கு நிப்போம்னு சொல்லுடா," என்றாள் அவள். சிரித்தாளா அழுதாளா என்று குகனுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தன் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு தனியாக மலையேறினார். தூர்ந்துபோன பாதையில் பெர்த்தாம் முள்ளையும் காட்டுப் பிரம்பையும் வெட்டினார். ஏற்றம் செங்குத்தாக இருந்த இடங்களில் மண்ணை வெட்டிக் கட்டையை அடித்துப் படி போட்டார். மேலே ஓடைக்குப் பக்கத்தில் இருந்த தட்டையைச் செதுக்கிச் சமமாக்கினார். ஒரு ஆள் குனிந்து நெற்றி தரையில் பட எவ்வளவு இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, தானே மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். அதற்கு மேல் ஒரு சாண் விட்டு, பதினைந்து ஆளுக்கு இடம் அளந்தார். பதினைந்தாவது ஆள் யார் என்று குகன் கேட்டதற்கு, "கூட்டிட்டு வர்றவ தொழ மாட்டாளா?" என்றார்.

ஜெயாவுக்கு வேறு கவலை. ஒரு புதன்கிழமை பஸ் பிடித்து தானா ராத்தா டவுனுக்குப் போய், ஜப்பார் பாய் சாப்பாட்டுக் கடையில் அவர் சம்சாரம் சலீமாவைப் பார்த்தாள். பதினாலு பேருக்குச் சாப்பாடு அந்தக் கடையிலிருந்துதான் என்று முன்னமே பேசியாகிவிட்டது. ஜெயா வந்தது அதற்கு இல்லை. ரொட்டி சானாய் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தயங்கினாள்.

"என்னாக்கா, சொல்லுங்க. ஒரு மாதிரியா நிக்கிறீங்க."

"எம்மக எங்க வீட்டுக்கு வருவா சலீமா. வந்தா… எங்க வீட்ல அவ சாப்புடலாமா?"

சலீமா கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள். "ஏங்க்கா சாப்புடக் கூடாது?"

"எங்க சட்டியில என்னென்னமோ சமைச்சிருப்போம். அதான் புதுச் சட்டி வாங்கிட்டேன், ரெண்டு. தட்டு நாலு. கரண்டி கூடப் புதுசு. கோழி ஒங்ககிட்ட வாங்கிக்கிறேன்."

"கோழிய நானே வெட்டிக் கழுவித் தந்து வுடுறேன். ஆனா ஒன்னு சொல்லவா? கோழி ஊருல எங்கயும் கெடைக்கும். ஒங்க கையால கீரையும் ரசமும் வச்சிப் போடுங்க. ஒம்பது வருஷத்துக்குச் சேத்து சாப்புடுவா பாருங்க."

ஜெயா அன்று திரும்பி வரும் பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் குகன் துணிந்து கேட்டான். "ப்பா, அக்கா போன்லதான் இருக்கு. நீங்களே பேசுங்களேன்."

கந்தன் போனைப் பார்த்தார். கையைக்கூட நீட்டினார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இத்தன வருஷத்துக்கு அப்பறம் போன்லயா பேசுறது? வரட்டும். நேர்ல பேசிக்கிறேன்."

அவள் அதைக் கேட்டாள். "சரிப்பா," என்றாள் போனிலிருந்து. ஒன்பது வருஷத்தில் அவரிடம் அவள் நேரடியாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. கந்தன் வாசற்படியில் நின்று செருமிக்கொண்டே இருந்தார்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல் என்றாள். மழையில் நனைந்துவிட்டேன், மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றாள். வியாழக்கிழமை டெங்கி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கிவிட்டது, கவலைப்படாதீங்க என்று ஜாஃபர் சொன்னான். மலையில் அவ்வளவாகக் கொசு கிடையாது. காய்ச்சல் இறங்கிய பிறகுதான் டெங்கியில் ஆபத்து என்பது கந்தனுக்கும் ஜெயாவுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஜெயா மிளகு ரசத்துக்குப் பொடி இடித்து வைத்தாள்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு ஜாஃபர் கூப்பிட்டான். குகன் எடுத்தான். எதிர்முனையில் அழுகை மட்டும் கேட்டது. பிறகுதான் வார்த்தை வந்தது. "மச்சான், நாடியா போயிட்டாடா. பதினோரு மணிக்கு. அசருக்கு அடக்கம்ங்கறாங்க. மாமா, மாமி வர்ற வரைக்கும் எப்படியாவது நிறுத்தி வைக்கிறேன். சீக்கிரம் வாங்க."

அசர் தொழுகை நாலரை மணிக்கு. மலை இறங்க இரண்டு மணி நேரம் போதும். ஒன்றரைக்கெல்லாம் லேண்ட் ரோவரை எடுத்துவிட்டார்கள். ஜெயா முன் ஸீட்டில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி லீவு தொடங்கிய முதல் சனிக்கிழமை அது. பிரிஞ்சாங் டவுனைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள், பஸ்கள். கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் நம்பர்கள். கூரையில் மிதிவண்டி கட்டிய கார்கள். கியா பார்ம் கடைகளுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு மக்கள் சோளமும் ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வண்டி நாலடி நகர்ந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. தலையில் பிளாஸ்டிக் பை கவிழ்த்த ஒரு பெண் ஜன்னலைத் தட்டி, "ஸ்ட்ராபெரி, காக்! மானிஸ், மானிஸ், நல்ல இனிப்பு!" என்று ஒரு பாக்கெட்டை ஜெயாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஜெயா அந்தச் சிவப்புப் பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. கந்தன் கதவைத் திறந்து இறங்கினார்.

"எங்கப்பா போறீங்க, மழையில?"

அவர் முன்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினார். மலாய்க்காரக் குடும்பம், பின் ஸீட்டில் பிள்ளைகள். "தோலோங், என்சிக், தயவு பண்ணுங்க ஐயா. என் மக இறந்துட்டா. ஈப்போவுல அடக்கம் பண்ணப் போறாங்க. கொஞ்சம் வழி விடுங்க," என்று மலாயில் கேட்டார். அந்த ஆள் பதறிப்போய் வண்டியை ஒடித்துப் பார்த்தார். ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது? இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் எதிர்க் கார்கள். "மாஃப், பாக்சிக், மன்னிச்சிருங்க பெரியவரே," என்று அவர் கண் கலங்கினார். கந்தன் அடுத்த காருக்குப் போனார். அதற்கடுத்த காருக்கு. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று ஒவ்வொரு கண்ணாடியிலும் அதே வார்த்தையைச் சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாராலும் நகரவும் முடியவில்லை. இருபது காரோ முப்பது காரோ, மழையில் தட்டிக்கொண்டே போன அவரைக் குகன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தான்.

கம்போங் ராஜாவைத் தாண்டும்போது நாலே முக்கால். ஜாஃபர் கூப்பிட்டான். "எங்க வந்துட்டீங்க மச்சான்? இமாம் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கறேன்னு சொல்றாரு." அடுத்த தடவை அவன் கூப்பிட்டபோது அழுதான். "இருட்டப் போவுதுன்னு எல்லாரும் சொல்றாங்க மச்சான். நான் என்ன பண்ணட்டும்?" குகன் வண்டியை ஓரம் நிறுத்தி அப்பாவைப் பார்த்தான். ஜெயாதான் சொன்னாள். "பிள்ளைய எடுத்துட்டுப் போவச் சொல்லு. எவ்வளவு நேரம் போட்டு வச்சிருப்பாங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. மண் மூடியாகிவிட்டது. புது மண் மழையில் குழைந்து கிடந்தது. ஜாஃபர் ஒருவன்தான் தலைமாட்டில் குந்தியிருந்தான். எழுந்து வந்து, கந்தனின் கால் பக்கம் குனியப் போனவனை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தலைமாட்டில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். கந்தன் எழுத்துக் கூட்டிப் படித்தார். நாடியா பிந்தி அப்துல்லா.

"யாரு தம்பி அப்துல்லா?"

ஜாஃபர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மார்க்கத்துக்கு வந்தவங்களுக்குப் பத்திரத்துல அப்பா பேரு எடத்துல அப்படிப் போட்டுர்றது மாமா. வேற ஒன்னும் இல்ல. வீட்ல அவ எழுதுற எல்லாத்துலயும் யோகேஸ்வரி கந்தன்னுதான் எழுதுவா. டிரிப் நோட்டுலகூட அப்படித்தான்."

கந்தன் தலையை ஆட்டினார். பலகையில் தெறித்திருந்த சேற்றை விரலால் துடைத்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது லைன் ஆட்கள் வாசலில் காத்திருந்தார்கள். பைப்படியில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். கந்தன் சட்டையைக் கழற்றிக்கொண்டு அதன் பக்கம் போனார். ஜெயா அத்தனை மணி நேரம் அடக்கி வைத்திருந்த குரலில் கத்தினாள்.

"ஒனக்கு எதுக்கு இன்னொரு முழுக்கு? ஒம்பது வருஷத்துக்கு முன்னாடியே முழுகிட்டியே! அவ உயிரோட நின்னு பாத்தாளே!"

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவரை நீ என்று சொன்னதில்லை. கந்தன் வாளியைத் தொடாமல் அந்த ஈரச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப யாரும் போகவில்லை. கடைசியில் ஜெயாதான் போய்க் கையைக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஜாஃபர் குகனுக்குப் போன் போட்டான். டிரிப்பை ரத்து செய்து பதினாலு பேரிடமும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன் என்றான். கந்தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார். எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று ஒரு கணம் தடுமாறினார்.

"மாப்ள, நான்தான் பேசுறேன். வரச்சொல்லுங்க எல்லாரையும்."

"மாமா…"

"பாதை வெட்டிட்டேன். ஏழு மணிக்கு இங்க நிக்கணும்."

பதினாறு கழியாமல் காட்டுக்குப் போவதா என்று லைனில் முணுமுணுத்தார்கள். கந்தன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தர்மா யாரும் சொல்லாமலேயே கறுப்பனை அறைக்குள் அடைத்தான்.

ஜூன் பதினாலாம் தேதி ஏழு மணிக்கு வேன் வந்தது. இளம் தம்பதிகள், பெரிய பிள்ளைகள், வயதான இரண்டு மூன்று பேர். நாடியா இறந்துபோனது அவர்களுக்குத் தெரியும். வழிகாட்டுகிற கிழவர் யார் என்று தெரியாது. ஜாஃபர் சொல்ல வாயெடுத்தான். கந்தன் வேண்டாம் என்று தலையசைத்தார். சலீமா வாழையிலையில் கட்டிக் கொடுத்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களைக் குகன் சுமந்தான். ஜெயா எல்லாருடைய காலுறையிலும் சவுக்காரம் தேய்த்துவிட்டாள். அதற்காக ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டாள்.

ஒன்றேகாலுக்குத் தட்டையில் இருந்தார்கள். ஓடையில் கைகால் கழுவி, கந்தன் காட்டிய திசையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். தொழுகை நடத்த ஜாஃபர் வரிசைக்கு வெளியே முன்னால் நின்றான்; அவனுக்குப் பின்னால் ஆண்கள், கடைசியில் பெண்கள். கந்தனும் குகனும் தள்ளிப்போய் மரத்தடியில் நின்றார்கள். பெண்கள் வரிசையின் ஓரத்தில் ஒரு ஆள் இடம் செதுக்கியபடி காலியாகக் கிடந்தது. எல்லாரும் குனிந்தபோது கந்தன் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குகன் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

தொழுது முடித்து இறங்கும்போது மழை தூறத் தொடங்கிவிட்டது. கூடாரம் போடுவதாக இருந்த இடம் மலையின் மறுபக்கச் சரிவில், ஓடைக்குக் கீழே. கோலா கங்சாரிலிருந்து வந்திருந்த ஒரு மலாய்க்கார மூதாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மற்றவர்களைக் குகனோடும் ஜாஃபரோடும் அனுப்பிவிட்டு, கந்தன் அந்த அம்மாளுக்கு ஒரு கம்பை வெட்டிக் கொடுத்தார். இன்னொரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறக்கினார். அந்தச் சரிவிலும் தானே போட்ட படிகள். எது வழுக்கும், எது தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

"பாக்சிக்குக்குப் பிள்ளைங்க எத்தன பேரு?" என்று அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே மலாயில் கேட்டாள்.

ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்குக் கந்தன் ஒரே ஒரு மகன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரு. மூத்தது பொண்ணு."

"இந்தத் தோட்டத்துலதான் இருக்காளா?"

"இல்ல. ஈப்போவுல இருக்கா."

"ஈப்போதானே, பக்கம்தான். அடிக்கடி போய்ப் பாத்துட்டு வரலாம்."

"ம்," என்றார் கந்தன். "முன்ன போகல. இனிமே போவேன். பாத்து, காலை இந்தப் பக்கம் வையுங்க."